லேபிளில் இல்லாத வீடு

எங்கள் கல்லூரியின் ஹெர்பேரியத்துக்கு வருகிறவர்கள் பூவைப் பார்க்கத்தான் வருவார்கள். உலர்த்தித் தட்டையாக்கி, வெள்ளை அட்டையில் நூலால் தைத்து, வலது பக்கம் கீழ் மூலையில் லேபிள் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைத்த மலைப்பூக்கள். ராஜபாளையத்தில் எந்த மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்த்தாலும் தெரிகிற மலையிலிருந்து பல வருஷங்களாகக் கொண்டுவந்து சேர்த்தவை. போன பங்குனியில் ஒரு காலை, செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு ஒருத்தி கதவருகே நின்றாள். கையில் சுருட்டிய பிளாஸ்டிக் பை. அவள் பூவைக் கேட்கவில்லை.

"எங்க வீடு இங்க எழுதியிருக்கான்னு பாக்கணும் டீச்சர்."

இடம் மாறி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தாலுகா ஆபீஸுக்கு வழி கேட்டு எங்கள் வராந்தாவரை வருகிறவர்கள் உண்டு. வழி சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதியில் நிறுத்தினாள்.

"நீங்கதான அந்த எழுதுற புள்ள? ஓடைக்கரையில எங்க அடுப்பு மேல பூவக் காயப்போட்டீகளே."

அப்போதுதான் அவளை எனக்கு அடையாளம் தெரிந்தது. நெற்றிக்கு மேல் முடி நரைத்திருந்தது, என்னுடையதைப் போலவே. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த நாளில் நாங்கள் ஒருவரையொருவர் 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிட்டோம். இப்போது என்னை டீச்சர் என்கிறாள். நான் டீச்சர் இல்லை, இந்த அலமாரிகளைப் பார்த்துக்கொள்கிறவள், பாச்சை உருண்டை போட்டு, பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். எம்.ஃபில். முடிக்கிற தறுவாயில் பேராசிரியரோடும் இரண்டு ஆய்வு மாணவர்களோடும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் பூச் சேகரிக்கப் போனேன். கூட வந்த ஒரே பெண் நான். மம்சாபுரத்துக்கு மேற்கே அடிவாரத்தில் ஜீப்பை விட்டு அரை நாள் ஏறினோம். வழி காட்டியவர் இவளுடைய கணவர். பளியர், அந்த மலையின் பழங்குடி. ஓடைக்கரையில் அவர்களுக்குக் குடிசை, குடிசையைச் சுற்றி நாலு எலுமிச்சைக் கன்று, கொஞ்சம் மேலே தேன்பாறை. எந்தச் சரிவில் எது பூத்திருக்கிறது என்று அவர் சொன்னால் அங்கே அது பூத்திருந்தது. நாங்கள் பறித்தோம். அவ்வளவுதான் எங்கள் கண்டுபிடிப்பு.

மேலே போய்ச் சேர்ந்த மறுநாள் மழை பிடித்தது. பறித்ததைச் செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, தாள்மேல் தாளாக அடுக்கி, இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து வாரால் இறுக்கிக் கட்டவேண்டும். அதற்கு பிரஸ் என்று பெயர். செடியின் ஈரத்தைத் தாள் குடிக்கும். தினமும் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வைக்கவேண்டும். மாற்றுவதற்கு உலர்ந்த தாள் என்று எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பையிலிருந்த பேப்பர் கட்டே கனத்துத் தொங்கியது.

அதிலும் அந்த முறை எங்களுக்குக் கிடைத்தது காட்டுக் காசித்தும்பை. ஊரில் வாசலில் வைக்கிற காசித்தும்பையின் மலைச் சொந்தம். அதன் தண்டில் பாதிக்கு மேல் நீர்தான். பிரஸ்ஸில் வைத்து மறுநாள் திறந்தால் இதழ் தாளோடு ஒட்டிக் கறுத்துக் கூழாகியிருக்கும். இளஞ்சிவப்பில், தொண்டைக்குள் ஒரு மஞ்சள் தீற்றலோடு இருந்த பூ அது. பேராசிரியர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவரை எங்கள் பட்டியலில் இல்லாதது. இதுவும் அழுகப்போகிறது.

இவளுடைய கணவர் அவரையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியில செஞ்ச செடிய அப்பளமாட்டம் காயவெக்கணும்ங்கீக. வரும்போது மழைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல சார்?"

பேராசிரியரே சிரித்துவிட்டார். இவள் கணவர் பிரஸ்ஸை அப்படியே வாங்கிக்கொண்டு போய், குடிசைக்குள் அடுப்புக்கு மேலே, தேன் சட்டி தொங்குகிற கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். இவள் சண்டைக்கு வந்தாள். கஞ்சி காய்ச்சணுமா, பூவைக் காய்ச்சணுமா, ரெண்டில் ஒன்றைச் சொல் என்று புருஷனைக் கேட்டாள். அவர், ஏட்டி, ரெண்டும் ஒரே அடுப்புதான, பேசாமக் கிட என்றார். திட்டிக்கொண்டேதான் செய்தாள், ஆனால் செய்தாள். இரண்டு நாள் அந்தத் தீயை அணையவும் விடவில்லை, ஓங்கவும் விடவில்லை. தலைக்கு மேல் சட்டம் தொங்குவதால் பக்கவாட்டில் குனிந்து குனிந்தே சமைத்தாள். நாங்கள் தின்றதும் அந்த அடுப்புச் சோறுதான். மூன்றாம் நாள் வாரை அவிழ்த்துத் தாளைப் பிரித்தபோது பூ பூவாகவே இருந்தது. சிவப்பு கொஞ்சம் வெளிறியிருந்தது. மஞ்சள் அப்படியே.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் சொல்லவில்லை. அவள் சொன்னது அதற்குப் பிறகு நடந்தது. நாங்கள் வந்துபோய் ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பெருமழையில் மேலே பாறை சரிந்தது. கீழே வந்துவிடச் சொன்னார்கள். மழை நின்றதும் திரும்பிப் போகலாம் என்றுதான் எல்லோரும் வந்தார்கள். அடிவாரத்தில் ஓட்டுவீடு கொடுத்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் எலுமிச்சை பறித்து வந்தார்கள், தேன் எடுத்து வந்தார்கள். அதற்கும் வனத்துறையைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். சில நாள் விடுவார்கள். சில நாள் இன்றைக்கு வேண்டாம் என்பார்கள்.

காட்டில் முன்னாலிருந்தே குடியிருந்தவர்களுக்கு அந்த இடத்தில் உரிமை தருகிற சட்டத்தின்படி அவளுடைய கணவர் விண்ணப்பம் போட்டிருந்தார். பதில் வருமுன்னே, அவள் என்னிடம் வந்ததற்கு முந்திய ஆடியில், காய்ச்சலில் போய்விட்டார். அவர் போன பிறகு பதில் வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது அதுதான்.

"இல்லைன்னு வந்திருக்கு. ஆதாரம் இருந்தா அறுவது நாளைக்குள்ள திரும்பக் குடுக்கலாமாம். மக வாசிச்சுச் சொன்னா. பாதிக்கு மேல ஓடிப்போச்சு."

அவளுக்கு அந்த இடத்தில் வேண்டியது அதிகமில்லை. வீடு இருந்த இடம், எலுமிச்சை, ஓடை. "மூத்தது அங்கதான் கெடக்கு," என்றாள், குரலை மாற்றாமல். ஒரு மாதமே இருந்த குழந்தை. நாங்கள் போனதற்கு முந்திய வருஷம். அந்த மூன்று நாளில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்டிருக்க முடியாது. எனக்குத் தெரியாது.

"யாரையும் கேக்காம அங்க போய்வரணும். அம்புட்டுதான். அப்பத்தான் உங்க நெனப்பு வந்துச்சு. மூணு நாளும் நீங்க எழுதிக்கிட்டேதான இருந்தீக. எம்புட்டு எழுதுனீக! அம்புட்டுல எங்க வீடு இல்லாமயா போயிரும்?"

நான் எழுந்தேன். அலமாரியைத் திறந்தேன். எனக்கு அந்தப் பூவைத் தைத்த ஷீட்டைத் தேடவேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். எங்கள் தொகுப்பில் நிறம் மிஞ்சியிருக்கிற ஒரே காசித்தும்பை. வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். மேஜையில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். தொடலாமா என்றாள். பூச்சி வராமலிருக்க விஷம் தடவியிருக்கிறது, வேண்டாம் என்றேன். கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாம் பாத்திரம் கழுவுற எடத்துல இருந்தது," என்றாள். பிறகு லேபிளைக் காட்டி, "என்ன போட்டிருக்கீக?" என்று கேட்டாள்.

லேபிள் ஆங்கிலத்தில் இருந்தது. கறுப்பு மையில், என் கையெழுத்தில். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். செடியின் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, ஓடைக்கரை. கடல்மட்டத்திலிருந்து இத்தனை உயரம். தேதி. சேகரித்தவர், பேராசிரியரின் பெயர். அதற்கு மேலே ஒரு வரி இருந்தது. அதை நான் தாண்டி வந்திருந்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என் விரல் ஒரு வரியைத் தாண்டியது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அது என்ன?"

"மனித நடமாட்டமில்லாத காடு."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பூ ஷீட்டின் ஓரம் காற்றில் லேசாகத் தூக்கியது. அதை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க அங்கனதான டீச்சர் நின்னோம்?"

அவளுடைய பிளாஸ்டிக் பையை வாங்கிக் கடிதத்தைப் படித்தேன். அதே வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பகுதி மனித நடமாட்டமற்ற வனமாக இருந்துவந்திருப்பதாகத் தாவரப் பட்டியல்களிலிருந்து தெரியவருகிறது, ஆகவே குடியிருந்ததாகக் கொள்ள இடமில்லை. பட்டியல் என்பது எங்கள் பட்டியல். எங்கள் ஷீட்டுகளைப் பார்த்து, லேபிளில் உள்ளதை உள்ளபடி எடுத்துப் போட்டு, பேராசிரியர் அச்சிட்ட மலைப்பூக்களின் பட்டியல். அங்கிருந்து அந்த வரி எங்கெங்கோ போய், யார் யாருடைய அறிக்கைகளிலோ ஏறி, இருபத்தைந்து வருஷம் கழித்து இவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. அதை எழுதிய கை என்னுடையது.

பேராசிரியர் இப்போது இல்லை. அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. நடந்தது இதுதான். மலையிலிருந்து இறங்கி வந்து ஒரு மாதம் கழித்து லேபிள் எழுத உட்கார்ந்தோம். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. வீட்டுக்குப் பின்புறம் என்று போடவா சார் என்று கேட்டேன். அவர் யோசித்தார். வீட்டுக்குப் பின்னால் முளைத்தது என்றால் பார்க்கிறவர்கள் அதைக் களை என்று நினைப்பார்கள் என்றார். யாருமில்லாத காட்டில் பூத்தது என்றால்தான் அது மலையின் பூ. ஒரு பூவின் மதிப்பு அப்படித்தான் இருந்தது எங்கள் உலகத்தில், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். அவர் அதே பயணத்தில் மலை உச்சியில் எடுத்த செடிக்குச் சொன்ன வரியையே இதற்கும் போடச் சொன்னார். நான் போட்டேன். பிறகு ஒரே பயணம், ஒரே மலை என்று அந்தப் பயணத்தின் எல்லா ஷீட்டுக்கும் அதையே எழுதிக்கொண்டு போனேன். லேபிள் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். இடத்தை ஒருமுறை எழுதிவிட்டால் கை அடுத்த லேபிளுக்கும் அதையே எழுதும்.

கை மட்டுமா? அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நாளில் நான் கவிதை என்று எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன். ஆளில்லாத காடு என்பதில் ஒரு குளிர்ச்சி இருந்தது, ஒரு சுத்தம். உரைநடையில் கவிதைபோல எழுதிய என் முதல் புத்தகம் முழுக்க அந்தக் காடுதான். அதில் நான் நடக்கிறேன், மழை பெய்கிறது, பூ பூக்கிறது. வேறு யாரும் இல்லை. இரண்டு நாள் அவள் கையால் வாங்கித் தின்ற சோறு எந்த வரியிலும் இல்லை.

அவளை அனுப்பிவைக்கும்போது, இரண்டு நாள் பொறுத்து வா, தேடிப்பார்க்கிறேன் என்றேன். எதைத் தேடப்போகிறேன் என்று எனக்கு உடனே தெரிந்திருந்தது. களத்தில் நாங்கள் லேபிள் எழுதுவதில்லை. செடியை விரிக்கிற செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவோம். மை மழையில் ஓடிவிடும், பென்சில் ஓடாது. எண், இடம், பூவின் நிறம், கண்ணில் பட்டது எதுவானாலும். கீழே வந்து அட்டையில் தைத்த பிறகு அந்தத் தாளைக் குப்பையில் போடுவோம். ஆனால் ஒரே செடியில் இரண்டு மூன்று கிளை எடுத்திருந்தால், ஒன்றைத் தைத்துவிட்டு மிச்சத்தை அதே செய்தித்தாளோடு கட்டாகக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிடுவது வழக்கம். அப்புறம் தைக்கலாம் என்றுதான் போடுவது. யாரும் தைப்பதில்லை.

ஏணி வைத்து ஏறி அத்தனை கட்டுகளையும் இறக்கினேன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தோம். தறியோரத்தில் கழித்துப்போட்ட துணி மலிவாகக் கிடைக்கும். முடிச்சுகளை அவிழ்த்தபோது பல கட்டுகள் பொடியாகக் கொட்டின. இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அது கிடைத்தது. செய்தித்தாள் மஞ்சளாகி, தொட்ட இடத்தில் விரல் அடையாளம் பதிகிற அளவுக்குப் பழுத்திருந்தது. உள்ளே பூ இல்லை. பூச்சி தின்றிருந்தது, காம்பின் ஒரு நார் மட்டும் இருந்தது. ஓரத்தில் என் பென்சில் அப்படியே இருந்தது. ஓடைக்கரை. அவள் கணவர் பெயர் எழுதி, இன்னார் வீட்டின் பின்புறம், பாத்திரம் கழுவுமிடம். அடுப்பின் மேல் இரண்டு நாள் காயவைத்தது.

தரையில் உட்கார்ந்து அதை மறுபடி வாசித்தேன். இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி, மழையில், கைவிறைத்துப்போய், பார்த்ததை எல்லாம் எழுதியிருக்கிறாள். அவளைத் திருத்தி எழுதியவளும் நான்தான்.

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டிய லேபிளைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, அதன் மேல் எழுதக் கூடாது. தவறு என்று தெரிந்தால் பக்கத்தில் ஒரு சிறிய சீட்டு ஒட்டி, சரியானதை எழுதி, திருத்தியவர் பெயரும் தேதியும் போடவேண்டும். தவறும் அங்கேயே இருக்கும், திருத்தமும் இருக்கும். பூவின் பெயரைத்தான் அப்படித் திருத்துவார்கள். சில ஷீட்டுகளில் நாலு சீட்டுகள்கூட வரிசையாக ஒட்டியிருக்கும், ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்து. இடத்தைத் திருத்தி ஒட்டிய சீட்டை நான் பார்த்ததில்லை.

துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். நல்லவர், பயந்தவர். கடிதத்தையும் செய்தித்தாளையும் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நம் பட்டியலை வைத்து எத்தனையோ பேர் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்றார். ஒரு பயணத்தின் லேபிள்கள் தவறு என்று நாமே எழுதிக்கொடுத்தால், மிச்சத்தை யார் நம்புவார்கள் என்றார். அது நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "ஒட்டுங்க மேடம். ஆனா உங்க பேர்லதான்," என்றார்.

"தப்பும் என் பேர்லதான சார் இருக்கு."

அந்தப் பயணத்தின் ஷீட்டுகளில், அவர்கள் குடியிருப்பைச் சுற்றி எடுத்தவை எவை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் சீட்டு எழுதினேன். மற்றவற்றைத் தொடவில்லை. நினைவில் இருக்கிறது என்பதற்காக எழுதிவிடக் கூடாது, அதையும் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். இந்த முறை எழுத்து அச்சுப்போல் வரவில்லை. இந்த இடத்தில் அப்போது குடியிருந்தவர்கள் இன்னார், இன்னார். இரண்டு பெயரையும் எழுதினேன். இங்கே எழுதவில்லை. அவை இருக்கவேண்டிய தாளில் இருக்கட்டும்.

அறுபது நாள் முடிவதற்குள் மேல்முறையீடு கொடுத்தோம். விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில். ஷீட்டுகளையும், செய்தித்தாளையும், தொகுப்பில் எது எப்போது சேர்ந்தது என்று எழுதுகிற பதிவேட்டையும் பெரிய தட்டை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் சுமந்துகொண்டு பஸ்ஸில் போனேன். அவள் மம்சாபுரத்திலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டுட்டுப் போறீகளாக்கா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கவேண்டும்.

மாடியில் ஒரு அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். நடுவில் இருந்த அதிகாரிதான் பேசினார். நாங்கள் போனபோது மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். பூவைப் பார்த்து ஒரு நிமிஷம் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பிறகு அவர் செய்தித்தாளை எடுத்து அதில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தார்.

பழைய பேப்பரை எந்த வருஷமும் எடுத்து உபயோகிக்கலாமே என்றார். சரிதான் என்றேன். அந்தத் தேதிக்கு முன்னால் நாங்கள் போயிருக்க முடியாது என்பதை மட்டுமே பேப்பர் சொல்லும். போனது எப்போது என்று சொல்வது பதிவேடு. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு ஷீட்டுக்கும் எண், சேர்ந்த தேதி, கல்லூரி முத்திரை. எந்தத் தேதிக்கு முன்பே குடியிருந்திருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அதற்கும் முந்தியது. அவர் எண்களை ஒவ்வொன்றாக ஷீட்டோடு ஒத்துப்பார்த்தார். நிதானமானவர். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது, பயமும் வந்தது. கடைசியில் இரண்டையும், என் பழைய லேபிளையும் என் புதிய சீட்டையும், ஒரே விரலால் மாறி மாறித் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டும் நீங்க எழுதுனதுதானம்மா?"

"ஆமா சார்."

"இதுல மனுஷ நடமாட்டமே இல்லைங்கீங்க. இதுல குடியிருந்தாங்கங்கீங்க. அப்ப எழுதுனது பொய்யா, இப்ப எழுதுனது பொய்யா?"

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அது வழக்கமாக எழுதுகிற வரி, ஒரே வரியை எல்லா லேபிளுக்கும் போடுவோம், பேராசிரியர் சொன்னார் என்று விளக்குவதற்கு வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன். மேஜைக்கு எதிரே உட்கார்ந்தபோது அவை எல்லாம் விளக்கங்களாக மட்டுமே இருந்தன.

"அப்ப எழுதுனதுதான் சார்," என்றேன். "அவங்க வீட்ல சாப்பிட்டுட்டு வந்து எழுதுனேன்."

என் பக்கத்தில் அவள் இருந்தாள். அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது ஷீட்டைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"பூ காஞ்சதுக்கு அம்புட்டு சாட்சி இருக்கு சார். எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சதுக்குத்தான் இல்லேங்காக."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். தள்ளுபடி செய்யவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இடத்தைப் போய்ப் பார்த்து அளந்து அறிக்கை தர உத்தரவு போட்டார். சாட்சியாக என்னையும் வரச் சொன்னார்.

படியிறங்கி வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில், ஆளும் வண்டியுமாக இருந்த இடத்தில், நடந்துகொண்டே. அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அவிய இருந்தா உங்கள நல்லா கேலி பண்ணியிருப்பாக," என்றாள். கொஞ்ச தூரம் போய், "பண்ணியிருக்கணும்," என்றாள்.

இதை எழுதுகிற இன்றுவரை உத்தரவு வரவில்லை. வரும் என்கிறார்கள். இனி நான் எழுதிவைப்பது, ஆனி மாதம் மலையேறிய அந்த ஒரு நாளை மட்டும்.

வனத்துறையிலிருந்து ஒருவரும், சர்வேயர் ஒருவரும் வந்தார்கள். அவள் முன்னே நடந்தாள், கையில் அரிவாள். எனக்கு மூட்டு வலி. இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. உண்ணிப்புதர் மண்டிக் கிடந்தது. எலுமிச்சை எங்கே என்று தேடினால், இரண்டு மரம் பக்கத்து மரங்களுக்கு நடுவே வெளிச்சத்துக்காக நெட்டையாக வளர்ந்து நின்றன. மற்றபடி காடு. லேபிளில் நான் எழுதிய அதே காடு. என் பொய்யை இத்தனை வருஷத்தில் காடு மெய்யாக்கிக்கொண்டிருந்தது.

வனத்துறைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவளுக்காக நிஜமாகவே தேடினார். பிறகு இடுப்பில் கைவைத்து நின்று, "இங்க ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

அவள் குனிந்து புதரை வெட்ட ஆரம்பித்தாள். சருகை ஒதுக்கினாள். வெகுநேரம் வெட்டினாள். நானும் கையால் இழுத்துப் போட்டேன். முள் கிழித்தது. மண்ணுக்குச் சற்று மேலே கற்களின் ஒரு வரிசை தெரிந்தது. பாசி படிந்த சிறிய கற்கள், காலால் தட்டினால் நகர்ந்துவிடும்போல. சர்வேயர் டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டே வந்து அதன் மேலேயே காலை வைத்து நின்றார்.

"அது சுவரு சார்," என்றாள் அவள். "சுவத்து மேல நிக்கீக."

அவர் சட்டென்று காலை எடுத்தார். உள்ளே தாண்டிப் போகப் பார்த்தார்.

"அப்படி வராதீக. இந்தப் பக்கமாச் சுத்தி வாங்க. வாசல் இங்க இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். வனத்துறைக்காரரையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கற்களின் ஓரமாகவே நடந்து, ஒரு மூலை திரும்பி, அவள் காட்டிய இடத்துக்கு வந்தார். பின்னாலேயே வனத்துறைக்காரர். கடைசியில் நான். அவள் எங்களுக்கு முன்னால், கல் இல்லாத அந்த இடைவெளியில், தலையைத் தாழ்த்தி உள்ளே போனாள். அங்கே கூரை இல்லை, கூரைக்கு வேண்டிய ஒரு கழிகூட இல்லை. மேலே மரக்கிளைகளும் அதற்கு மேலே மேகமும்தான். சர்வேயர் உயரமான மனிதர். வாசலுக்கு வந்ததும் அவரும் குனிந்தார்.

"வாசல் எம்புட்டு அகலம்மா இருந்துச்சு?"

அவள் உள்ளேயிருந்து திரும்பி, இடைவெளியின் நடுவில் வந்து நின்று, இல்லாத நிலைக்கால்களைத் தொடுவதுபோல இரண்டு கையையும் விரித்தாள். சர்வேயர் டேப்பின் நுனியை அவளுடைய ஒரு கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மற்ற கை வரைக்கும் இழுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, எழுதிக்கொண்டார்.